நடவடிக்கை தேவையில்லை

அந்த நகரத்துக் குடிநீர் அலுவலகத்தில் ஒரு முத்திரை இருந்தது. ஊதா மையில் தோய்ந்து தோய்ந்து விளிம்பு மழுங்கிப்போன ரப்பர் முத்திரை. அழுத்தினால் தாளில் இரண்டு வரிகள் விழும்: ‘குளோரின் அளவு சரி. நடவடிக்கை தேவையில்லை.’

அதைப் பதினோரு ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்தவர் புகார்ப் பிரிவின் எழுத்தர். கையில் இருந்த கருவியே அவருக்குப் பெயராயிற்று. பொறியாளர் முதல் வாயிற்காவலர் வரை எல்லாருக்கும் அவர் முத்திரையக்கா.

புகார் எண்ணுக்கு வரும் அழைப்புகள் பலவகை. குழாய் உடைந்தது என்பார்கள். கலங்கல் வருகிறது என்பார்கள். காற்று மட்டுமே வருகிறது, அதற்கும் சேர்த்தா வரி என்பார்கள். ஆண்டில் சில வாரங்கள் மட்டும் ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வரும்: “தண்ணில மருந்து வாடை அடிக்குது.”

எந்த மருந்து என்று அலுவலகத்தில் எவரும் கேட்டதில்லை. குடிநீர்த் துறையில் மருந்து என்றால் குளோரின். “மருந்து போட்டாச்சா?” என்றால் குளோரின் போட்டாயிற்றா என்று பொருள். மருந்து வாடை வருகிறதென்றால் தண்ணீர் தூய்மையாக இருக்கிறதென்று பொருள். குறை சொல்ல வந்தவர்கள் தம்மை அறியாமல் நற்சான்று கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்றே அந்த மேசை நம்பியது. நம்பிக்கையோடு முத்திரை குத்தியது.

“இன்னிக்கு எத்தனை மூக்கு, முத்திரையக்கா?” என்று கேட்டபடி உள்ளே வந்தார் பம்ப் இயக்குபவர். நீரேற்று நிலையத்தின் வால்வுகளோடு வாழ்ந்து வாழ்ந்து அவரும் ‘வால்வு’ ஆகிவிட்டிருந்தார்.

“மூணு மூக்கு. மூணும் மருந்துதான்.”

“போட்டா வாடைங்கறாங்க, போடலைன்னா வயித்தால போகுதுங்கறாங்க. நான் என்ன, தொட்டியில பன்னீரா தெளிக்க முடியும்?”

முத்திரையக்கா சிரித்தார். மூன்று முறை முத்திரை விழுந்தது. நான்காவதாகத் தொலைபேசி ஒலித்தது. தங்கையின் குரல்.

“அக்கா, தண்ணில ஒரே மருந்து வாடை. கொமட்டுது.”

“உனக்கு இப்ப எதைப் பார்த்தாலும் கொமட்டும்டி. அது குளோரின். நல்லதுதான், குடி.”

“போன தடவையும் நீ இதேதான் சொன்ன.”

அந்தச் சொல் மேசையின்மீது விழுந்து கிடந்தது. போன தடவை என்றால் சென்ற ஆண்டு. பள்ளிச் சீருடைகள் தைத்துக் கொடுக்கும் அந்தத் தங்கை, ஏழாம் மாதத்திலேயே ஒரு குழந்தையைப் பெற்று, இரண்டே நாளில் அதை இழந்தாள். இப்போது மீண்டும் நான்காம் மாதம். வீட்டில் எல்லாரும் உரக்கப் பேசவும் அஞ்சினார்கள்.

“ஞாயித்துக்கிழமை வரேன்,” என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தங்கையின் வீடு. ஒரே அறைதான் தையலறையும் வரவேற்பறையும். வெட்டிய நீலத்துணிகள் நாற்காலியில் குவிந்திருந்தன. தங்கை ஒரு குவளைத் தண்ணீரை அக்காவின் மூக்கருகே நீட்டினாள்.

முகர்ந்தார். பதினோரு ஆண்டுகளில் எத்தனையோ புகார்களை எழுதியவர், புகாருக்குள்ளான தண்ணீரை முதன்முதலாக முகர்ந்தார். குளோரின் மூக்கின் நுனியைக் குத்தும். இது தொண்டையின் அடியில் படிந்தது. இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற ஒன்று.

அவர் வாய் திறப்பதற்குள் தங்கையின் கணவர் வந்துவிட்டார். வயல்களுக்குத் தெளிப்பான் சுமந்துபோய்க் கூலிக்குத் தெளிப்பது அவர் தொழில். வாசலிலேயே சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டார். தங்கை மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“அக்கா! இதேதான். தண்ணில வர்ற வாடை இதேதான்!”

“ஆமாண்டி, நான் குழாய்க்குள்ள படுத்துக் குளிக்கறேன் பாரு,” என்றார் அவர். “வாங்க அக்கா, எப்ப வந்தீங்க?”

“இப்பதான் மாப்ளே. இன்னிக்கு எங்க வேலை?”

“மேல, கால்வாய்க்கரைச் சோளத்துக்கு மருந்து அடிச்சேன்.”

“என்ன மருந்து?”

“மருந்துதான் அக்கா. களைக்கு அடிக்கிற மருந்து.”

“டப்பா இருக்கா?”

இருந்தது. வெள்ளை டப்பா, அதில் பச்சைப் பயிரின் படம். பெரிய எழுத்தில் வணிகப் பெயர். அதன்கீழே எறும்பு வரிசைபோல் ஒரு சொல்: களைக்கொல்லி. முத்திரையக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“நீர்நிலைகள்ல கலக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே மாப்ளே.”

“நான் எங்க கலக்கறேன்? அதுல போட்டிருக்கறபடிதான் செய்யறேன். காலி டப்பாவ மூணு தடவை அலசணும்னு இருக்குல்ல? மத்தவனெல்லாம் ஒரு தடவைகூட அலசமாட்டான். நான் மூணு தடவை அலசறேன். தெளிப்பானையும் சேர்த்து.”

“அலசின தண்ணிய?”

“கால்வாய்லதான் ஊத்தறேன். ஓடற தண்ணி, அடிச்சிட்டுப் போயிடும்.”

“எங்க அடிச்சிட்டுப் போகும்?”

அவர் வாசல் பக்கம் திரும்பினார். கை தானாகக் கால்வாய் ஓடும் திசையைக் காட்டியது, பாதியில் நின்றது. அந்தத் திசையில்தான் நீரேற்று நிலையம். அங்கிருந்துதான் இந்த வீட்டுக் குழாய். அந்தக் குழாயிலிருந்துதான் மனைவி கையிலிருந்த குவளை.

ஒரு சொல் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் அந்த அறைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். கொல்லும் பொருளுக்கு நலம்தரும் பெயரைச் சூட்டினோம். சூட்டியபின் பெயரை நம்பினோம். நம்பியபின் பொருளை மறந்தோம். வயலில் அடிப்பதும் மருந்து. தொட்டியில் போடுவதும் மருந்து. மருத்துவமனையில் கொடுப்பதும் மருந்து. ஊர் ‘மருந்து வருகிறது’ என்று ஒன்றைச் சொன்னது. அலுவலகம் வேறொன்றாகக் கேட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு முத்திரை விழுந்துகொண்டே இருந்தது.

தங்கை குவளைத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டினாள். அவள் கணவர் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தார். “நானா?” என்றார் மெல்ல. “நானேவா ஊத்திக் குடுத்தேன்?”

“நீங்க ஊத்தினீங்க. நான் நல்லதுன்னு முத்திரை குத்திக் குடுத்தேன்,” என்றார் முத்திரையக்கா. “இப்ப உக்காந்து அழறதுக்கு நேரமில்ல. இனி இவ குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் என் வீட்டுத் தண்ணி. எங்க தெருவுக்கு வர்றது ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி. கால்வாய்க்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. தினம் ரெண்டு குடம், சைக்கிள்ல எடுத்துட்டு வாங்க.”

“கொதிக்க வெச்சா போயிடாதா அக்கா?” என்றாள் தங்கை.

அவருக்குத் தெரியவில்லை. பதினோரு ஆண்டுகள் குடிநீர் அலுவலகத்தில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. அந்த வெட்கம் அவரைத் திங்கட்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்பாக அலுவலகத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

இரண்டு ஆண்டுப் பதிவேடுகளை விரித்தார். மருந்து வாடை என்று வந்த புகார்கள் நாற்பத்தொன்று. தேதிகளைத் தனித்தாளில் எழுதினார். ஒவ்வொன்றும் விதைப்புப் பருவத்தில், மழை பெய்த ஓரிரு நாளில் வந்தது. தெளிப்பான் கழுவிய தண்ணீர் மட்டுமா? கரையோர வயல்களில் அடித்ததையெல்லாம் மழை வழித்துக்கொண்டு வந்திருக்கிறது. கோடைப் பக்கங்களில் அப்படியொரு புகார்கூட இல்லை. குளோரின் ஆண்டு முழுவதும் போடப்படுகிறது. வாடை மட்டும் எப்படிப் பருவம் பார்த்து வரும்? பக்கங்கள் அவர் கண்முன்னேதான் கிடந்தன. கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

பொறியாளரிடம் போனார். பொறியாளர் கெட்டவரல்லர், காகிதத்தை நம்பியவர். ஆய்வறிக்கையை எடுத்து நீட்டினார்.

“போன ஆய்வுல எல்லாமே சரியா இருக்கே. பாருங்க, கிருமி இல்ல, உப்பு அளவா இருக்கு, குளோரின் சரி.”

“களைக்கொல்லி எங்க சார்?”

“அதான், இல்லையே.”

“தண்ணியில இல்லையா, தாள்ல இல்லையா?”

பொறியாளர் அறிக்கையைத் திருப்பிப் பார்த்தார். அதில் களைக்கொல்லிக்கென்று வரியே கிடையாது. மாதிரி எடுத்த மாதம், மழையின் நிழல்கூட விழாத கோடை.

“அந்தச் சோதனை சாதாரணமா செய்யறதில்ல. தனியா கேக்கணும். கேக்கறதுக்குக் காரணம் வேணும்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “மேலிடத்துல என்ன கேப்பாங்க தெரியுமா? புகார் எங்கன்னு கேப்பாங்க. உங்க பதிவேட்டுல நாப்பத்தொண்ணுமே குளோரின்னு முடிச்சிருக்கு. முத்திரை உங்களது. கையெழுத்து உங்களது.”

“அதைத் திறக்கணும்னா?”

“தப்பா முடிச்சேன்னு நீங்கதான் எழுதிக் குடுக்கணும். நாப்பத்தொரு தப்பு. விசாரணை வரும். வேலைக்கே ஆபத்து வந்தாலும் வரலாம். வீட்டுக்குப் போய் யோசிச்சுட்டு வாங்கம்மா.”

தன் முத்திரையே தன் ஊருக்குப் பூட்டாகிவிட்டதை அவர் அப்போது கண்டார். திறவுகோலும் தன்னிடமே இருந்தது. அதைத் திருப்பினால் தன் கைதான் வெட்டுப்படும்.

வீட்டுக்குப் போகவில்லை. தன் மேசைக்குத் திரும்பிச் சிவப்புப் பேனாவைத் திறந்தார். நாற்பத்தொரு புகார்களின்மேலும் எழுதினார்: ‘விசாரிக்காமல் முடித்தேன். மீண்டும் திறக்கிறேன்.’ கையொப்பமிட்டார். பிறகு தொலைபேசியை எடுத்து, நாற்பத்தொரு வீடுகளையும் ஒவ்வொன்றாக அழைத்தார்.

“வணக்கம், குடிநீர் அலுவலகம். முன்னாடி மருந்து வாடைன்னு புகார் குடுத்திருந்தீங்க. எந்த மருந்து மாதிரி இருந்துச்சு?”

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பக்கம் பெருமூச்சு விட்டார். “இப்பத்தான் கேக்கத் தோணுச்சா? நான் புகார் குடுத்தப்ப எனக்குப் பல்லெல்லாம் இருந்துச்சும்மா.”

முடிதிருத்துபவர் சொன்னார்: “குளோரின் எனக்குத் தெரியாதா? தினம் அதுலதான் கத்தி கழுவறேன். இது வயல்ல அடிக்கிறது. அப்பவே சொன்னேன், நீங்க கேக்கல.”

இன்னொரு பெண்மணி திருப்பிக் கேட்டார்: “நீங்க நிஜமாவே அலுவலகத்துல இருந்துதான் பேசறீங்களா? யாரோ விளையாடறாங்கன்னு நெனச்சேன்.”

மூன்று நாள்களில் முப்பத்தாறு வீடுகள் பதில் சொல்லின. முப்பத்திரண்டு வீடுகள் வயல் மருந்து என்றன. வால்வு தாமாகவே ஒரு காகிதம் கொண்டுவந்து வைத்தார். அந்த நாள்களில் குளோரின் எவ்வளவு போட்டார் என்ற கணக்கு. எல்லா நாளும் ஒரே அளவு.

“என்னையும் சேர்த்துக்கங்க அக்கா. நானும் அந்த வாடைய மோந்துட்டுத்தான் இருந்தேன். நம்ம மருந்துன்னு நெனச்சுட்டேன்.”

பொறியாளர் சிவப்பு மையிட்ட பக்கங்களை நெடுநேரம் பார்த்தார். சோதனைக் கடிதத்தில் கையெழுத்திட்டார்.

அடுத்த மழைக்குப் பதினாறு நாள் காத்திருந்தார்கள். மழை விட்ட காலையில் வால்வும், தங்கையின் கணவரும், முத்திரையக்காவும் கால்வாய்க்கரைக்குப் போனார்கள். ஆய்வகம் அனுப்பிய பழுப்புநிறக் கண்ணாடிக் குப்பிகள்; பனிக்கட்டி நிரப்பிய பெட்டி. எங்கே நின்று தெளிப்பான் கழுவுவார் என்பதைத் தங்கையின் கணவரே காட்டினார்.

ஒன்பதாம் நாள் முடிவு வந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைப்போல் நான்கு மடங்கு. ஆய்வகத்துப் பெண் தொலைபேசியில் விளக்கினார்: “வாடை வந்தது உங்க நல்ல நேரம். அது பெரும்பாலும் கூடக் கலக்கற கரைப்பானோட வாடை. களைக்கொல்லி தனியா வந்தா மூக்குக்கே தெரியாது. வாடை நின்னுடுச்சுன்னு நம்பிடாதீங்க, சோதனைய நிறுத்தாதீங்க. இன்னொண்ணு, கொதிக்க வெச்சா போகாது. தண்ணிதான் வத்தும், அது அப்படியே நிக்கும்.”

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அக்காவும் தங்கையும் மகப்பேறு மருத்துவரிடம் போனார்கள். தங்கை நேரடியாகவே கேட்டாள்: “போன குழந்தை இதனாலதான் போச்சா டாக்டர்?”

மருத்துவர் தாளை மடித்து வைத்தார். “ஆமான்னு சொன்னா அது பொய். இல்லவே இல்லன்னாலும் பொய். இந்த வகைக் களைக்கொல்லி ஹார்மோன் வேலையில தலையிடலாம், எடை குறைஞ்சு, மாசம் நிறையாம பிறக்கறதோட தொடர்பு இருக்கலாம்னு ஆய்வுகள் சொல்லுது. ஒரு குழந்தைய எடுத்துக்கிட்டு இதுதான்னு கைகாட்ட முடியாதும்மா. ஆனா ஒண்ணு தெரியும். இப்ப நீங்க அதைக் குடிக்கல. குழந்தை நல்லா வளருது. வாங்க, கேளுங்க.”

கருவியை வயிற்றில் வைத்தார். அறை முழுதும் குதிரை ஓடும் ஒலி. அக்காவும் தங்கையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் கேட்டார்கள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் கூடியது. பொறியாளர் அறிக்கையைப் படித்து முடிப்பதற்குள் பின்வரிசை எழுந்துவிட்டது. “இத்தனை நாளா எங்களுக்கு விஷம் குடுத்தீங்களா? யாருய்யா பொறுப்பு?”

“நான்,” என்றார் முத்திரையக்கா.

பொறுப்பு எவருடையது என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்ட ஊர் அது. ‘நான்’ என்றொரு விடையை அது எதிர்பார்க்கவில்லை.

“நீங்க சரியாத்தான் சொன்னீங்க. மருந்து வருதுன்னு நாப்பத்தொரு தடவை சொன்னீங்க. எந்த மருந்துன்னு ஒரு தடவைகூட நான் கேக்கல. என் தங்கச்சி சொன்னா, அவளையும் குடின்னு சொன்னேன். எனக்கு என்ன தண்டனை குடுக்கறதுன்னு அலுவலகம் பார்த்துக்கும். இன்னிக்கு நாம பேச வேண்டியது நாளைக்குக் குழாய்ல என்ன வரணும்கறது.”

நிலக்காரர் ஒருவர் எழுந்தார். “பேச்சு நல்லா இருக்கு. களை எடுக்க ஆள் எங்க? நீங்க வந்து புடுங்கறீங்களா?”

தங்கையின் கணவர் எழுந்து நின்றார். கூட்டத்தில் பேசிப் பழகாதவர். கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கட்டிக்கொண்டார். “அண்ணே, உங்க வயலுக்கு அடிக்கிறவன் நான்தான். அடிக்கவே கூடாதுன்னு சொல்லல. கால்வாய் ஓரத்துல நாப்பதடி விட்டுருவோம். அங்க புல் இருக்கட்டும், வழிஞ்சு வர்றத அது பிடிக்கும். மேகம் கட்டினா அன்னிக்கு அடிக்க வேண்டாம். அலசின தண்ணிய தெளிப்பான்லயே ஊத்தி வயலுக்கே அடிப்போம். டப்பாவுலயும் அப்படித்தான் போட்டிருக்கு, நான்தான் பாதியோட படிச்சுட்டு விட்டுட்டேன்.” கொஞ்சம் நிறுத்தினார். “என் பொண்டாட்டி மாசமா இருக்கா.”

நிலக்காரர் உட்காரவில்லை. “நாப்பதடி ரொம்ப அதிகம்பா,” என்றார் கடைசியில்.

“முப்பத்தஞ்சுன்னா அதையும் குறைக்கச் சொல்லுவீங்களா?” என்று முன்வரிசையிலிருந்து பல்லில்லாத ஆசிரியர் கேட்டார். மண்டபம் சிரித்தது. நிலக்காரரும் சிரித்துவிட்டார். நாற்பதடியே நின்றது.

எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. மழை வாரங்களில் கால்வாய் மதகை மூடி, ஆழ்துளைக் கிணறுகளிலிருந்து ஊர் முழுமைக்கும் நீர் தருவதென்று முடிவாயிற்று. முறைவைத்து வந்த தண்ணீருக்கு ஊர் முணுமுணுத்தது. களைக்கொல்லியை உறிஞ்சும் கரி வடிகட்டிக்கு மேலிடம் மூன்று கடிதம் கேட்டது. பொறியாளர் ஐந்து எழுதினார். விசாரணையும் வந்தது. முத்திரையக்காவின் ஊதிய உயர்வு ஓராண்டு நிறுத்தப்பட்டது. மேசை அவரிடமே விடப்பட்டது. புதிய பதிவேட்டுக்கு அவரே கோடு போட்டார். ‘மருந்து’ என்ற சொல்லுக்கு அதில் இடமில்லை. குளோரின் என்று ஒரு கட்டம். களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்று ஒரு கட்டம். மழை பெய்த நாளா என்று ஒரு கட்டம். முத்திரை மேசை இழுப்பறையின் அடியில் காய்ந்து கிடந்தது.

தங்கையின் வீட்டிலும் ஒரு மாற்றம். “மருந்து அடிக்கப் போறேன்” என்று அவள் கணவர் ஒருநாள் வாய்தவறிச் சொல்ல, “என்ன அடிக்கப் போறீங்க?” என்று தையல் எந்திரத்தை நிறுத்தினாள் அவள்.

“கொல்லி. களைக்கொல்லி. போதுமா தாயே?”

“போதும். முகமூடியப் போட்டுட்டுப் போங்க.”

ஏழாம் மாதம் வந்தது. அந்த மாதம் முழுவதும் முத்திரையக்கா தொலைபேசி ஒலித்தபோதெல்லாம் ஒரு கணம் தயங்கியே எடுத்தார். அது கடந்தது. எட்டாம் மாதத்தில் கரி வடிகட்டி வந்து இறங்கியது. மழைக்குப் பின் எடுத்த அடுத்த மாதிரியில் அளவு வரம்புக்குக் கீழே வந்திருந்தது. அந்த வாரமே தங்கை புகார் எண்ணுக்கு அழைத்தாள்.

“அக்கா, தண்ணில குளோரின் வாடை. இது நெஜமாவே குளோரின். வால்வு அண்ணன் அள்ளிப் போட்டுட்டாரு போல.”

முத்திரையக்கா மகிழ்ச்சியோடு எழுதிக்கொண்டார். வால்வு போய் அளந்து, கொஞ்சம் குறைத்துவிட்டு வந்தார்.

பிறகு ஒரு வியாழக்கிழமை முற்பகல். ஒன்பது மாதம் நிறைந்து நான்கு நாள். புகார்த் தொலைபேசி ஒலித்தது. கை பழக்கத்தில் பேனாவை எடுத்துப் பதிவேட்டைத் திறந்தது. மறுமுனையில் தங்கையின் கணவர். பின்னால் ஏதோ ஒரு சத்தம். அவர் சொல்வதே கேட்கவில்லை.

“சத்தமாச் சொல்லுங்க மாப்ளே! ஒண்ணும் கேக்கல!”

“கேக்காதுக்கா! அவ விடமாட்டேங்கறா! உங்க தங்கச்சி மகதான், இந்தக் கத்து கத்தறா!”

மகள். அக்கா எழுந்து நின்றுவிட்டார். வால்வு ஓடிவந்தார்; பொறியாளர் தம் அறைக் கதவில் நின்றார். மாப்பிள்ளை சொல்லச் சொல்ல அக்கா அழுதபடியே எழுதிக்கொண்டிருந்தார். எதில் எழுதுகிறோம் என்பதை எழுதி முடித்த பிறகுதான் பார்த்தார். புதிய பதிவேட்டின் பக்கத்தில், இரண்டு புகார்களுக்கு நடுவே, அழகான கையெழுத்தில் அது நின்றது:

‘பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம். அழுகைச் சத்தம் மிக அதிகம்.’

அடித்துவிடலாமா என்று பேனா ஒரு கணம் நின்றது. பிறகு இழுப்பறையைத் திறந்தார். காய்ந்த முத்திரையை வாயருகே வைத்து ஊதி, ஈரப்படுத்தி, முதல் வரியை ஒரு துண்டுத்தாளால் மறைத்துக்கொண்டு அழுத்தினார்.

இரண்டாம் வரி மட்டும் வெளிறிய ஊதாவில் விழுந்தது: நடவடிக்கை தேவையில்லை.